துண்டுக்கு அடியில்

துலுக்கானத்தின் விலை மூன்று படி தவிடு. கேட்டது ஒரு மரக்கால். பெற்ற பிள்ளையை விற்கப் போன இடத்தில் எட்டுப் படியில் ஐந்தை விட்டுக்கொடுத்தான் என்று கோதண்டத்தை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். பருத்திப்பட்டைச் சுற்றி மாட்டுத் தரகில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் லத்தீஃபா. கரையான்சாவடியில் தவிட்டு மண்டி வைத்திருந்த ஹாஜா மொய்தீனின் சம்சாரம். அவளிடம் பேரம் பேசப் போனவன் போட்ட துணியோடு திரும்பி வந்தால் அதுவே லாபம்.

விற்பது என்றால் சடங்குக்குத்தான். முதல் இரண்டு பிள்ளைகளும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பிறந்ததும், இது எங்களுடையது இல்லை, அடுத்தவர் பொருள் என்று விதிக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் தவிட்டுக்கு விற்பது. விற்றுவிட்டு, வாங்கினவரின் பிள்ளையை நாம் வளர்த்துத் தருவதாகச் சொல்லி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாம். சும்மா வாயால் நடக்கிற வியாபாரம். அதிலும் இரண்டு பேரும் பழக்க தோஷத்தை விடவில்லை.

"ஒரு மரக்கா போடு பாயம்மா. ஆம்பளப் புள்ள."

"ஆம்பளன்னா? பல்லே இல்ல. ஏர்ல பூட்டறதுக்கு இன்னும் இருபது வருசம் தீனி போடணும். ரெண்டு படி."

"ரெண்டு படிக்குக் கோழிக்குஞ்சு கூட வராது."

"அப்ப போயி கோழிக்குஞ்ச வித்துட்டு வா."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த வேம்புலியம்மாள் அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். பேரம் மூன்று படியில் முடிந்தது. தவிட்டைத் தலைவழித்து அளந்து போட்டுவிட்டு லத்தீஃபா பிள்ளையை வாங்கி முகர்ந்தாள். "இனிமே இது என் சரக்கு கோதண்டம். பத்திரமா வளத்துக் குடு. எதுனா கொற வந்துச்சின்னா உன்னை உட மாட்டேன்."

விதி ஏமாந்தது. பிள்ளை பிழைத்தது. பல் முளைத்தது, நடந்தது, ஓடியது. பேச்சுத்தான் வரவில்லை.

கோதண்டத்தின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகனும் வாங்குகிறவனும் கையைக் கோத்துக்கொள்வார்கள்; மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்தினால் அதுதான் விலை. இந்த விரலுக்கு இத்தனை ரூபாய், அந்த விரலுக்கு இத்தனை. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. கை வெளியே வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு அழுதாலும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

கோதண்டம் ஒருநாளும் பொய் சொன்னவன் இல்லை. மாட்டின் குறையைச் சொல்ல மாட்டான், அவ்வளவுதான். கால் இழுக்கிற மாட்டை மேட்டிலிருந்து இறக்கத்துக்கு நடத்திக் காட்டுவான். மந்தமான மாட்டுக்கு வாலின் அடியில் ஒரு நிமிண்டல். வாங்க வந்தவன் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டால், அந்த மாட்டில் குறை இல்லை என்றுதான் அர்த்தம். முப்பது வருடமாக அவன் உலகத்தை அப்படித்தான் புரிந்து வைத்திருந்தான். குறை என்பது மாட்டில் இருப்பதல்ல, பார்க்கிறவன் கண்ணில் படுவது.

துலுக்கானத்துக்கு மூன்று வயது ஆன சமயம். மண்டியில் யாரோ கைதவறி எடைக்கல்லைத் தரையில் போட்டார்கள். தெருவில் போனவன்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினான். கல்லுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து புண்ணாக்குத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிரவே இல்லை. லத்தீஃபா எழுந்து வந்து, அதே கல்லை எடுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே மறுபடி போட்டாள். பிறகு தவிடு வாங்க வந்து நின்றிருந்த வேம்புலியைப் பார்த்தாள். வேம்புலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்கு முன்னமே தெரியுமாடி?"

"கூப்டா திரும்ப மாட்டான் பாயம்மா. ஒருநாள் திரும்பறா மாதிரி கீது, ஒருநாள் இல்ல. மாடு கத்தறப்ப அது களுத்துல கைய வெச்சிகினு சிரிக்கிறான். இன்னான்னு நெனைக்கிறது?"

"காதா, புத்தியான்னு தெரியணும். பூந்தமல்லி தர்மாஸ்பத்திரிக்கு மாசத்துல ஒரு சனிக்கிழமை பட்டணத்துலேர்ந்து ஒரு டாக்டரம்மா வராங்களாம். சின்னப் புள்ளைங்கள மட்டும் பாக்கறவங்க. சின்னதா கீறப்பவே இன்னான்னு தெரிஞ்சா எதுனா பண்ணலாமாம். வளந்துட்டா ஒண்ணும் ஆவாதாம்." பிறகு கூட வந்திருந்த கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள். "இன்னா தரகரே? என் சரக்கு. நான் சொல்றேன், காட்டு."

"காட்டறேன் பாயம்மா" என்றான் கோதண்டம். காட்டத்தான் செய்தான்.

எந்தச் சரக்கையும் காட்டப் போவதற்கு முன், வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குவான் என்று விசாரிப்பது தரகனின் முதல் வேலை. தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தேவராஜுக்கு அவன்தான் கறவை மாடு பிடித்துக் கொடுத்திருந்தான்.

"அது ஒண்ணும் இல்ல அண்ணாத்தே" என்றான் தேவராஜ். "புள்ளைய மடியில வெச்சிகினு நீ உக்காருவ. நான் பின்னால நின்னு மணி அடிப்பேன். ஒருவாட்டி வலப்பக்கம், ஒருவாட்டி இடப்பக்கம். திரும்புதா இல்லையான்னு அம்மா பாப்பாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று கோதண்டத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

மறுநாளிலிருந்து ஏரிக்கரையில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்தான். அதன் கையைத் தன் கைக்குள் வைத்துத் துண்டைப் போட்டான். கட்டைவிரலை அழுத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, வாயில் ஒரு துணுக்கு வெல்லம் வைத்தான். சுண்டுவிரலை அழுத்தி இடப்பக்கம் திருப்பி, இன்னொரு துணுக்கு. ஒரு காளைக்கு நுகத்தடி பழக்க ஒரு மாதம் ஆகும். பிள்ளை அன்று சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டது. விரலைத் தொட்டால் போதும், பொம்மை மாதிரித் தலை திரும்பும். திரும்பினதும் உள்ளங்கையை விரித்து நீட்டும், கூலிக்கு. அப்பனைப் பார்த்துச் சிரிக்கும்.

தரகன் பிள்ளை என்று கோதண்டத்துக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்குக் குறை என்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் அங்கே காட்ட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. மாட்டுக்கு உள்ள சாமர்த்தியத்தைச் சந்தையில் யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை வந்தது. டாக்டரம்மா நடுவயசுக்காரி, களைத்த முகம், கண்ணாடிக்குள் கூர்மையான கண். வேம்புலி சுவரோரம் நின்றாள். கோதண்டம் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தான். தோளில் கிடந்த துண்டு தற்செயலாக நழுவுகிற மாதிரி கையின் மேல் விழுந்தது.

தேவராஜ் வலப்பக்கம் மணி அடித்தான். பிள்ளை வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் அடித்தான். இடப்பக்கம் திரும்பியது. டாக்டரம்மா மணியை வாங்கித் தானே மெதுவாக, காதில் விழுந்தும் விழாத மாதிரி ஆட்டினாள். அதற்கும் திரும்பியது. கோதண்டத்தின் காது நல்ல காது.

"கேக்குது!" என்று கத்திவிட்டாள் வேம்புலி. "எம்மா, என் புள்ளைக்குக் கேக்குதும்மா! மாரியாத்தா, கேக்குது!" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருடமாக அவள் தொண்டை வறளக் கூப்பிட்டதற்குத் திரும்பாத தலை, ஒரு வெண்கல மணிக்குத் திரும்பியது. அவளுக்கு அதில் வருத்தம்கூட இல்லை.

கோதண்டம் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டுவதற்காக. அவள் ஆட்டவில்லை. மரக்கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தாள், சைகை காட்டிப் பார்த்தாள். பிள்ளை எதையும் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டு கையை நீட்டி உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவை திரும்பியாயிற்று, ஒரு துணுக்கு வெல்லம் வரவில்லையே என்று.

டாக்டரம்மா சீட்டில் எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்தாள்.

"காது கேக்காத பிள்ளையா இருந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேம்மா" என்றாள் வேம்புலியிடம். "பட்டணத்துல அதுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அஞ்சு வயசுக்குள்ள சேர்த்துட்டா, உதட்டைப் பாத்து, தொண்டையில கை வெச்சுப் பாத்து, பேசவே கத்துக் கொடுத்துடுவாங்க. நான் சீட்டு எழுதிக் கொடுத்தாப் போதும். ஆனா இவனுக்குக் காது நல்லா கேக்குது. காது கேட்டும் பேச்சு வரலை, சொல்றது புரியலைன்னா, குறை புத்தியில. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. யார்கிட்டயும் இல்லை. நல்லா சாப்பாடு போடுங்க. தண்ணி, நெருப்புக்கிட்ட விடாதீங்க."

கோதண்டத்துக்குக் கணக்குப் புரிந்தது. மலிவான குறை ஒன்று இருந்தது. அதை மறைத்துவிட்டு, தீராத குறை ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். முப்பது வருடத்தில் இப்படி ஒரு பேரத்தில் அவன் மாட்டியதில்லை. அம்மா, நான்தான் விரலை அழுத்தினேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். வேம்புலி இன்னும் மாரியாத்தாளைக் கும்பிட்ட கையை இறக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது அவளுக்குள் இன்னும் இறங்கவில்லை. முகத்தில் பழைய சந்தோஷம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தான். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கை வெளியே வந்துவிட்டது.

"அடுத்த பிள்ளை" என்றான் தேவராஜ்.

அடுத்த மாதம் வேம்புலிக்குத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ஆஸ்பத்திரியில் அந்த அறை பூட்டியிருந்தது.

"டாக்டரம்மா சண்டைக்குப் பூட்டாங்க அண்ணாத்தே" என்றான் தேவராஜ். "பட்டாளத்து ஆஸ்பத்திரியாம். எந்தத் தேசமோ. வேற ஆள் போடுவாங்களாம், எப்பன்னு தெரியாது."

பிறகு பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றான். உள்ளே இருந்த சின்ன டாக்டர், டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்தார். "ஏற்கெனவே பாத்திருக்காங்களே. காது சரி, புத்தி மந்தம்னு தெளிவா எழுதியிருக்காங்களே."

"இல்ல சாமி. காது கேக்காது. நான் வெரல அமுக்கினேன். அமுக்கினா திரும்பறதுக்குக் கத்துக் குடுத்து வெச்சிருந்தேன்."

சின்ன டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வயசு மந்தபுத்திப் பிள்ளைக்கு நீ வித்தை கத்துக் கொடுத்தியாக்கும். எத்தனை நாள்ல?"

"ஒரே நாள் சாமி."

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்தாள். சின்ன டாக்டரும் சிரித்தார். "பெத்த மனசு எதையாவது சொல்லும். போய்யா, பின்னால நிறைய பேர் நிக்கிறாங்க."

கை வெளியே வந்த பிறகு கோதண்டம் விலையை மாற்றிச் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வாங்க ஆள் இல்லை.

வேம்புலி மாறிப்போனாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சோறு போட்டாள், குளிப்பாட்டினாள். ஆனால் பேச்சை நிறுத்திவிட்டாள். அதுவரைக்கும் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, கண்ணு, இதோ பார், காக்கா, இதோ மாடு என்று ஓயாமல் வாயசைத்துக்கொண்டிருந்தவள். பிள்ளையும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது புத்தியில்லாத பிள்ளையிடம் என்ன பேசுவது? ஏரிப் பக்கம் போய்விடக் கூடாதே என்று, வேலையாக இருக்கிறபோது, கன்றுக்குட்டிக்குப் பக்கத்து முளையில் இடுப்புக்கயிறு கட்டி விட்டாள். பிள்ளை கன்றின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

கயிற்றை அவிழ்க்கிற ஒரு வார்த்தை கோதண்டத்திடம் இருந்தது. காலையில் சொல்லலாம் என்று எழுந்திருப்பான். சாயங்காலம் வரை சொல்லாமல் இருந்துவிடுவான். அப்படியே ஒரு வருடம் போயிற்று, மேலும் போயிற்று.

கண்டுபிடித்தவள் லத்தீஃபாதான். ஒருநாள் மண்டியில் பிள்ளையின் கையில் பேரீச்சம்பழம் வைத்து, கீழே போட்டுவிடாமல் இருக்க விரலை மடக்கி அழுத்தினாள். தலை சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. அவள் பார்த்தாள். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். திரும்பியது. ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு இடப்பக்கம். பிறகு வாசலில் புண்ணாக்குக்காக நின்றிருந்த கோதண்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு மாட்டுச் சந்தை தெரியாதா என்ன?

"அட படுபாவி" என்றாள், சத்தமே இல்லாமல். "எங்கிட்ட மட்டும் வாய்கூசாம மரக்கா கேட்டே. அங்க போயி, காது கேக்கலன்னா இன்னா பண்ணுவாங்கன்னு ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?"

கோதண்டம் தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"வேம்புலிக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"நான் சொன்னா அது கோள் மூட்டறது. நீ சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கூடம் எங்க கீதுன்னு பாரு. கால்ல வுளு. சீட்டு இல்லாம சேத்துக்குவாங்களான்னு கேளு. அஞ்சு முடியப் போவுது கோதண்டம்!"

அது சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருந்த வாரம். பூந்தமல்லி ரஸ்தாவில் தலையில் அண்டாவும் இடுப்பில் குழந்தையுமாக ஜனம் மேற்கே வந்துகொண்டே இருந்தது. ஒரு ஜோடி மாட்டுக்கும் வண்டிக்கும் சொன்னதுதான் விலை. ஊரில் இருந்த தரகனெல்லாம் அந்த வாரத்தில் ஓட்டுவீடு கட்டக் காசு சேர்த்தான். கோதண்டம் ஒருவன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கிழக்கே போனான். "யோவ், அங்க குண்டு போடறான்யா, எங்க போற?" என்று எதிரே வந்தவர்கள் கேட்டார்கள். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

பள்ளிக்கூடத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்தான். கேட்டில் பூட்டு. உள்ளே ஒரு காவற்காரன் மாமரத்தடியில் படுத்திருந்தான்.

"குண்டுக்குப் பயந்து பள்ளிக்கூடம் உள்நாட்டுப் பக்கம் பூட்ச்சி நைனா. எந்த ஊருன்னு எனுக்கு இன்னா தெரியும்? சண்டை முடிஞ்சி வந்தாத்தான்." எட்டிப் பிள்ளையைப் பார்த்தான். "வயசு இன்னா?"

"அஞ்சு."

"சண்டை எப்ப முடியறது? வளந்த புள்ளைங்கள எடுக்க மாட்டாங்களே. டாக்டர் சீட்டு வெச்சிகினு கீறியா?"

காது சரி என்று எழுதியிருந்த அந்தச் சீட்டைக் கோதண்டம் மடியில் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வேம்புலி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஊரே பட்டணத்த உட்டு ஓடியாருது. புள்ளைய எங்கய்யா இட்டுகினு போன? அதுக்கு ஆவறது ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க இல்ல?"

வாயால் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக முக்கியமான எதையும் அவன் வாயால் சொன்னதில்லை. பிள்ளையை அவள் மடியில் உட்கார வைத்தான். பிள்ளையின் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்தான். மேலே துண்டைப் போட்டான். துண்டுக்கு அடியில் அவள் விரலைப் பிடித்து, அவள் விரலால் பிள்ளையின் கட்டைவிரலை அழுத்தினான்.

பிள்ளை வலப்பக்கம் திரும்பியது.

"இன்னாயா இது?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் தானே ஒருமுறை அழுத்தினாள். திரும்பியது. சுற்றிலும் எந்தச் சத்தமும் இல்லை. மணி இல்லை, தேவராஜ் இல்லை. அவளுக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்ததை அவள் முகத்தில் அவன் பார்த்தான். சந்தோஷமாக நின்றிருந்த அதே முகம்.

"அப்ப புத்தி?" என்றாள். "புத்தி நல்லா கீதா?"

"நல்லா கீது. ஒரே நாள்ல கத்துகினான்."

அவள் முளையைப் பார்த்தாள். இடுப்புக்கயிறு அங்கே சுருண்டு கிடந்தது. "ஒன்ற வருசமா எம்மூஞ்சியவே பாத்துகினு இருந்தான்யா" என்றாள். "நான் வாயத் தொறக்கல."

அவனை ஏதாவது சொல்லியிருந்தால் அவன் அதற்கு ஒரு பதில் விலை வைத்திருப்பான். அவள் சொல்லவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் துண்டுக்கு அடியில் பிள்ளையின் விரலை இன்னொரு முறை அழுத்தினாள். பிள்ளை இன்னொரு முறை திரும்பியது. பிறகு துண்டை விலக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்து அவளிடம் நீட்டி, அவள் வாயையே பார்த்தது.

சண்டைக் காலம். பத்து நாளாக வீட்டில் வெல்லம் கிடையாது.

ஆக, திரும்பினது மூன்று. கொடுத்தது ஒன்றும் இல்லை. பாக்கி மூன்று.